வைக்கோல்போர்ச் சாரை

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஏரிப்பாசன ஊர் எங்களுடையது. வீட்டைவிடக் கொல்லை பெரிது. கிணறு, துவைக்கிற கல், மாட்டுக்கொட்டகை, எருக்குழி, கடைசியில் கள்ளிவேலி. தை அறுப்பு முடிந்து வைக்கோல்போர் போட்டதும் எலி வந்துவிடும். எலிக்குப் பின்னாலேயே சாரை வரும். வெயில் ஏறும் நேரத்தில் போரின் கிழக்குப் பக்கம் ஏழடி நீளத்துக்குப் படுத்திருக்கும். சாணிக்கூடையோடு அதைக் கடந்து போகும் ஆயா நடையைக்கூடக் குறைக்க மாட்டாள். "அது பாட்டுக்குக் கெடக்குது, நீ பாட்டுக்குப் போ."

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னவள் இல்லை. தள்ளி நிற்கவைத்து, நன்றாகப் பார்க்கவைப்பாள். "கண்ணு எவ்ளோ பெருசு பாரு. ஒதட்டுல கறுப்பா கோடு கோடா இருக்குதா? கழுத்து மெலிசு. சீறும், ஆனா படம் எடுக்காது." ஒரே கோடையில் சாரைக்கும் நாகத்துக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கற்ற எதுவும் அவ்வளவு சீக்கிரம் மனதில் பதிந்ததில்லை.

மாடு பால் குறைத்துக் கறந்தால் பக்கத்து வீட்டார் பழியைச் சாரைமேல் போடுவார்கள். பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைத்துக் குடிக்கிறதாம். "கன்னு அவுத்துக்கிட்டு ஊட்டியிருக்கும், போய்க் கயித்தப் பாருங்க" என்பாள் ஆயா. உள்நோக்கி வளைந்த ஊசிப்பல் வரிசை உள்ள வாய் அது. எந்த மாடு பொறுத்துக்கொண்டு நிற்கும்? உறிஞ்சிக் குடிக்கவும் பாம்பின் வாய்க்கு வராது.

ஒரு கோடைச் சாயங்காலம் எருக்குழி ஓரம் இரண்டு பாம்புகள் சடைபோலப் பின்னிக்கொண்டு இடுப்புயரம் எழுந்து நின்றன. ஒன்று சாய்த்தால் மற்றது விடுவித்துக்கொண்டு மேலே ஏறும். தெருவே கூடிவிட்டது. சாரையும் நாகமும் பிணைகின்றன என்றார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி எடுத்துவர ஓடினார். பிணையும் பாம்புகள்மேல் விரித்த துணியைப் பெட்டியில் வைத்திருந்தால் செல்வம் சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் திரும்புவதற்குள் இரண்டும் பிரிந்து வேலிக்குள் போய்விட்டன. ஆயா மட்டும், "ரெண்டுமே சாரைதான், நான் ஒதட்டப் பார்த்தேன்" என்றாள். அவள் பார்த்தது சரி. இரண்டும் ஆண் சாரைகள். பெட்டைக்காகப் பலம் பார்க்கும் மல்யுத்தம் அது. கடி கிடையாது. தலையைத் தரையோடு அழுத்தினது ஜெயித்தது. அந்த அரைமணி நேரத்தை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது.

மல்லிகைப் பந்தலில் பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று மற்ற பிள்ளைகள் பந்தலடிக்கே வர மாட்டார்கள். ஆயா பூப்பறிக்குமுன் கம்பால் பந்தல்காலை இரண்டு தட்டுத் தட்டுவாள். இலைக்குள் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து இடம்விடும். அப்புறம்தான் கை நீட்டுவாள். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடும். மழைக்காலமானால் கிணற்றடித் தொட்டியில் தண்ணிப்பாம்பு வந்துவிடும். அதன் வாயில் பின்னங்கால் சிக்கிய தவளையின் கூச்சல் ராத்திரியில் நீண்டுகொண்டே போகும். எனக்கு அழுகை வரும். "அதுக்கும் பசிக்குந்தானே" என்று போர்வையை இழுத்துவிடுவாள்.

பயமே இல்லாமல் வளர்ந்தோம் என்று சொல்ல முடியாது. சுவரில் பல்லி தேடி ஏறும் ஓலைப்பாம்புக்கும் வரி உண்டு, கட்டுவிரியனுக்கும் வரி உண்டு. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கும் காரியம் ஆபத்தானது. வரி கண்டால் ஒதுங்கு என்பது ஆயாவின் கண்டிப்பு. மழைக்காலத்தில் யாரையும் தரையில் படுக்க விடமாட்டாள், கயிற்றுக்கட்டில்தான். விஷப்பாம்பை அறிந்திருந்ததால்தான் விஷமில்லாததை அவளால் நிம்மதியாக விட்டுவைக்க முடிந்தது.

அறுப்புக்குப் பின் இருளர்கள் வருவார்கள். வரப்பில் எலிவளை தோண்டி, பானையில் புகைபோட்டு, எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பார்கள். பாம்பும் பிடிப்பார்கள். பாம்புத்தோலுக்கு அப்போது நல்ல கிராக்கி. சாரைத்தோல் மெட்ராஸ் வியாபாரிகள் வழியாகக் கப்பலேறிப் பெல்ட்டும் கைப்பையுமாக ஆகிக்கொண்டிருந்தது. "எலிய எவ்ளோ வேணும்னாலும் புடிச்சிக்க, போர்ல இருக்கிறதத் தொடாத" என்று ஆயா வாசலிலேயே சொல்லிவிடுவாள். 1976இல் தோல் ஏற்றுமதி தடைபட்டது. இருளர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, வழக்கமாக வரும் இருளர் ஒருவர் எங்கள் கள்ளிவேலியிலிருந்து கண்ணாடி விரியனைப் பிடித்துப் பைக்குள் விட்டுக் கட்டினார். ஆயா திண்ணையிலிருந்து கேட்டாள்:

"சாரைய எடுக்க மாட்டீங்களா?"

"நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. நாலுதாம்மா. சாரையில வெசம் ஏது?"

"அப்போ அதுக்கு வெல இல்ல?"

"இல்லம்மா."

"இல்லாமலே இருக்கட்டும்" என்று சொல்லி, மேற்கு வரப்பில் புதிதாக விழுந்திருந்த எலிவளைகளைக் காட்ட எழுந்து நடந்தாள்.