பாலத்தின் நடுவில்

1982-ல் சரக்குக் கப்பலில் நான்காம் இன்ஜினியராக இருந்தபோது, கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவின் வில்லெம்ஸ்டாட் துறைமுகத்துக்கு முதல்முறையாகப் போனேன். கப்பல் கரை பிடித்ததும் ஏஜென்ட் தபால் கொண்டுவந்தார். அதில் அண்ணாவின் கடிதம். அப்பா தவறி ஒரு மாதம் ஆகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

இறங்கி, கால் போன போக்கில் நடந்தேன். புண்டா கரையோரம் வரிசையாக மஞ்சளும் நீலமும் சிவப்புமாக டச்சுக்காரர் காலத்துக் கட்டடங்கள். வெள்ளைச் சுவரில் பட்ட வெயில் தலைவலி தருகிறது என்று 1817-ல் ஒரு கவர்னர் வெள்ளையடிக்கத் தடை போட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அன்று எந்த நிறமும் மனதில் ஏறவில்லை.

எதிர்க்கரைக்குப் போக, மிதவைகளின் மேல் நிற்கும் எம்மா ராணி பாலத்தில் ஏறினேன். முதலில் 1888-ல் கட்டியது. நடுவில் போகும்போது மணி அடித்தது. கப்பலுக்கு வழிவிட, பாலம் எங்களையும் சுமந்துகொண்டு கதவு மாதிரித் திறந்தது. முன்னே போகவும் முடியாது, பின்னே போகவும் முடியாது. அங்கே நின்றுதான் அழுதேன்.

பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் என் தோளைத் தொட்டு "துஷி" என்றார். அவர்களுடைய பாப்பியமெண்டு மொழியில் அது நம் "கண்ணே" மாதிரி. பாலம் மூடும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு எத்தனையோ துறைமுகம் பார்த்தாயிற்று. வில்லெம்ஸ்டாட் என்றால் இன்றும் எனக்கு அந்தக் கைதான்.