அத்தையோடு பார்த்த மூன்று மியூசியங்கள்

“மெட்ராஸுக்குப் போனால் செத்த காலேஜும் உயிர் காலேஜும் பார்க்காமல் வராதே” என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். 1851-ல் தொடங்கிய அந்த எழும்பூர் மியூசியத்தை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வரிசையில் நின்று பார்த்திருப்போம். நான் இப்போது சொல்லப் போவது அதைப் பற்றி அல்ல. சென்னையிலேயே குடியிருப்பவர்கள்கூட அதிகம் எட்டிப் பார்க்காத வேறு மூன்று இடங்களைப் பற்றி.

வில்லிவாக்கத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. குளித்தலையிலிருந்து நான், என் கணவர், ஏழாவது படிக்கும் மகன், என் மாமியார் ஆகிய நால்வரும் நாலு நாள் முன்னதாகவே போய் இறங்கினோம்.

என் மாமியாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேருக்குத் தனியாக நின்று சமைத்து, கடைசியில் ஈயச் சொம்பில் ரசத்தையும் தாளித்து இறக்கிவிட்டுத்தான் உட்காருவார். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்து, வலது பக்கம் இழுத்துக்கொண்டது. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. கைத்தடி வைத்துக்கொண்டு மெள்ள நடப்பார். வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி வழியில் நழுவும். கரண்டியைக் கொடுத்தால் மெல்லிய காம்பு விரலுக்குள் நிற்காது. இடது கையால் சாப்பிடுங்கள் என்றால், “அந்தக் கையால சாப்பிட்டு நான் உயிரோட இருக்கணுமா?” என்பார். ஆகவே மூன்று வேளையும் நான்தான் ஊட்டுவேன். அதுவும் பின்கட்டு அறையில், கதவைச் சாத்திவிட்டு. வெளியாள் பார்க்கச் சாப்பிட மாட்டார். விசேஷ வீடுகளுக்கும் போவதில்லை. இந்தத் தடவை, “உங்களைத் தனியா விட்டுட்டு நாங்க எப்படிப் போறது, அத்தை?” என்று நான் கண் கலங்கியதால்தான் கிளம்பினார்.

முதல் நாள் மகனுக்காக ரயில் மியூசியம் போனோம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., 1955 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அதைச் சேர்ந்த இடத்திலேயே 2002-ல் இந்த மியூசியத்தைத் திறந்திருக்கிறார்கள். மரத்தடிகளில் பழைய நீராவி எஞ்சின்களும் வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டிகளும் நிற்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டிய சாமான்கள் இல்லை. கிட்டப் போய் இரும்பைத் தொட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்குச் சின்ன ரயிலும் உண்டு. நம் வீட்டுப் பையன்களை அங்கிருந்து கிளப்புவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்!

ஊட்டி மலை ரயிலின் முன்னால் என் மகன் அப்பாயிக்குப் பாடம் நடத்தினான். “மலையில சாதாரணச் சக்கரம் வழுக்கும் அப்பாயி. அதனால நடுவில பல்லு வச்ச தண்டவாளம் ஒண்ணு போட்டிருக்காங்க. எஞ்சினுக்கு அடியில பல்சக்கரம். பல்லோட பல்லு பிடிச்சுக்கிட்டு ஏறும்.” மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள செங்குத்தான பாதையில்தான் இந்தப் பல் தண்டவாளம்.

அத்தை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிடிமானம் இருந்தா இரும்புகூட மலை ஏறுது” என்றார்.

மதியம் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை மரத்தடியில் பிரித்தோம். அத்தை மோரை மட்டும் உறிஞ்சிவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்று சொல்லிவிட்டார். ஊட்டவும் விடவில்லை. எதிர்ப் பெஞ்சில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, அதுதான் காரணம். வீட்டுக்கு வந்து நாலு மணிக்கு அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் கடற்கரைச் சாலை. ஐஸ் ஹவுஸ் என்று பேட்டையே பெயர் வாங்கிய அந்த வட்ட வடிவக் கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 1842-ல் அது கட்டப்பட்டது ஐஸ் கட்டி வைக்க! அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து போகும். ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, மாதக் கணக்கில் கடலில் கொண்டுவந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் விற்றார். 1833-ல் முதல் சரக்கு கல்கத்தாவில் இறங்கியபோது பாதிக்கு மேல் கரையாமல் இருந்ததாம். மரத்தூள் காற்றை உள்ளே பிடித்து வைத்து வெளிச் சூட்டைத் தடுத்துவிடுகிறது, ரகசியம் அவ்வளவுதான். நாம் இன்று ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு நிமிஷத்தில் எடுக்கிற ஐஸுக்கு அன்று இத்தனை பாடு. பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய வழி வந்ததும் அந்த வியாபாரம் கரைந்து போனது.

1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இந்தக் கட்டடத்தில் ஒன்பது நாள் தங்கியிருந்தார். இப்போது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் ‘விவேகானந்தர் இல்லம்’ என்ற பெயரில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் மியூசியமாக இருக்கிறது. ஆனால் என் மனசைப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள இன்னொரு கதை. சிஸ்டர் சுப்புலட்சுமியின் கதை. 1886-ல் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம். சீக்கிரமே கணவரை இழந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மொட்டைத் தலையும் மூலை அறையும்தான். இவருடைய அப்பாவோ படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்பு தம்மைப் போன்ற குழந்தை விதவைகளுக்காக விடுதி நடத்தினார். அந்த விடுதி பல காலம் இந்த ஐஸ் ஹவுஸில்தான் இருந்தது. அங்கிருந்து படித்து வெளியே வந்த பெண்கள் ஆசிரியைகளானார்கள். பக்கத்திலேயே உள்ள லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி உருவானதிலும் அவர் பங்கு பெரிது.

அத்தையால் மாடிப்படி ஏற முடியாது. கீழே உட்கார வைத்துவிட்டு, இறங்கி வந்து இந்தக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்க பெரியத்தை ஒருத்தி அப்படித்தான் இருந்தா. பின்கட்டுலயே ஆயுசு போச்சு. தட்டை மட்டும் உள்ள தள்ளுவாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு கண் முன்னே வந்து நின்றது.

அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் மூன்றாவது மியூசியம். ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ என்று பெயர். ‘முடியும் என்று காட்டும் மியூசியம்’ என்று நான் எனக்காகத் தமிழில் வைத்துக்கொண்டேன். மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசும் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. இங்கே ராஜா ராணி கிடையாது, வாளும் கேடயமும் கிடையாது. கை, கால், கண், காது சரியாக ஒத்துழைக்காதவர்கள் வீட்டிலும் வேலையிலும் விளையாட்டிலும் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள உதவும் சாமான்கள்தான் காட்சிப் பொருள்கள். ‘தொடாதே’ என்று யாரும் அதட்டுவதில்லை. எடுத்துப் பார், போட்டுப் பார் என்றுதான் சொல்கிறார்கள்.

சமையலறைச் சாமான்கள் பக்கம் வந்ததும் அத்தையின் நடை தானாக நின்றது. பலகையில் முள் போல ஆணிகள் குத்தி வைத்திருக்கிறார்கள். காயை அதில் செருகிவிட்டால் ஒரு கையால் நறுக்கலாம். தட்டின் ஒரு பக்க விளிம்பு சுவர் மாதிரி உயர்ந்திருக்கிறது. சோற்றை அதில் ஒட்டித் தள்ளினால் சிந்தாமல் கரண்டிக்குள் ஏறும். மேஜையில் நழுவாத விரிப்பு. அப்புறம் ஒரு கரண்டி. காம்பு மட்டும் வாழைப்பழத் தடிமன்.

அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே அந்தக் கரண்டியை அத்தையின் வலது கையில் வைத்தாள். “மெல்லிசுக் காம்பைப் பிடிக்க விரலை முழுசா மடக்கணும் பாட்டி. தடிச்ச காம்புக்கு அவ்வளவு மடக்க வேண்டாம், பலமும் அதிகம் வேண்டாம்” என்றாள்.

அத்தையின் விரல்கள் காம்பைச் சுற்றிக்கொண்டன. கை நடுங்கியபடி வாய் வரைக்கும் போனது. வெறுங் கரண்டிதான். ஆனால் விழவில்லை.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, “இவ்வளவு நாளா இது நமக்குத் தெரியலையே” என்றார். ‘நமக்கு’ என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. ‘எனக்கு’ என்றுதான் அது என் காதில் விழுந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பிசியோதெரபி சொல்லித்தந்த பெண், “அந்தக் கைக்கு வேலை கொடுங்க, அவங்களே சாப்பிடப் பழகட்டும்” என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஒரு வாரம் செய்து பார்த்தேன். தரையெல்லாம் சோறு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். மகனைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், இவருக்கு டிபன் கட்ட வேண்டும். ஊட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதை நானும் அன்பு என்றே நினைத்துக்கொண்டேன். பாதி அன்புதான், மீதிப் பாதி அவசரம்.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் ஒரு பட்டறையே நடந்தது. அக்கா பையனின் பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பர் உறை ஒன்று பரணில் கிடந்தது. என் கணவர் அதைக் கழற்றி, வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்து, உள்ளே துணியைச் சுற்றிக் கரண்டிக் காம்பில் இறுக்கிவிட்டார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத் துண்டு. உயர்ந்த விளிம்புக்குக் குழிவான எவர்சில்வர் பேசின் தட்டு. அத்தை அறைக்குள் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு அரை மணி நேரம் சாப்பிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வளைகாப்பு அன்று பந்தி போட்டார்கள். “அத்தைக்கு உள்ளே கொண்டு போய் ஊட்டிடறியா?” என்று அக்கா காதோடு கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பந்தி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் துண்டு, இலைக்குப் பதில் தட்டு, கையில் சைக்கிள் கரண்டி. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் வந்தன. கொஞ்சம் சிந்தியது. எதிர் வரிசையில் ஓர் அம்மாள் கண் எடுக்காமல் பார்த்தார். அத்தை நிமிர்ந்து, “என்ன பாக்குறீங்க? உப்புக் கம்மிதான், நானும் பார்த்தேன்” என்றாரே பார்க்கலாம்! பந்தியே சிரித்தது. சமையல்காரருக்கு மட்டும்தான் முகம் சுண்டிப் போயிற்று.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கும். இருமலோ புரையேறலோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடும்போது நன்றாக நிமிர்ந்து உட்கார வையுங்கள். முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். காம்புக்குச் சுற்றும் துணியைத் தினம் மாற்றித் துவையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் எந்த மியூசியத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் உள்ள இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரயில் மியூசியத்துக்குக் காலை வேளையே நல்லது. வெயில் ஏறினால் இரும்பு சுடும்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரம்மாள், “மெட்ராஸ்ல என்ன பார்த்தீங்க? செத்த காலேஜா?” என்று விசாரித்தார்.

“இல்லீங்க, இந்தத் தடவை உயிர் காலேஜ்தான்” என்றார் அத்தை. பிறகு என்னிடம், “ஏம்மா, அந்தத் தயிர்சாத டப்பாவையும் என் கரண்டியையும் எடு” என்று கையை நீட்டினார். டப்பாவின் மூடியை மட்டும் நான் திறந்து கொடுத்தேன்.