யார் வெட்டிய வாய்க்காலோ!

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் வலென்சியா என்றொரு நகரம். பண்டிகை நாள் நீங்கலாக எந்த வியாழக்கிழமை நண்பகலில் போனாலும், பெரிய தேவாலயத்தின் வாசலில் கறுப்பு மேலங்கி அணிந்த எட்டு விவசாயிகள் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம்.

துரியா ஆற்றின் இரு கரையிலும் பிரியும் வாய்க்கால்களின் பிரதிநிதிகள் இவர்கள். தானே பயிர் செய்பவராக இருக்க வேண்டும் என்பது விதி; நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு இடமில்லை. இந்த வாய்க்கால்களை முதலில் வெட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ரோமர் என்பார்கள் சிலர். அரபு ஆட்சிக் காலத்து வேலை என்பார்கள் பலர். 1238-ல் ஊரைப் பிடித்த ஜெய்மே அரசரும் பழைய முறைப்படியே பாய்ச்சிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பங்கு பிரித்த விதம் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. இத்தனை கன அடி என்று அளவு கிடையாது. ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு. ஆறு பெருகினால் எல்லோருக்கும் கூடும், வற்றினால் எல்லோருக்கும் குறையும். கடைமடைக்காரன் மட்டும் காய வேண்டியதில்லை.

அப்படியும் சண்டை வராமலா இருக்கும்? முறை மாறி மடை திறப்பது, மிச்சத் தண்ணீரைப் பக்கத்து வயலில் விட்டுப் பயிரைக் கெடுப்பது, தூர் வாராமல் விடுவது எல்லாம் அங்கேயும் உண்டு. நம்மூர் நீர்க்கட்டி போன்ற காவலாளோ, நஷ்டப்பட்டவரோ பிராது கொடுப்பார். வக்கீல் கிடையாது. வாய்மொழி விசாரணைதான், அன்றைக்கே தீர்ப்பு. மேல்முறையீடும் இல்லை. எனக்குப் பிடித்த விதி வேறு: குற்றம் சாட்டப்பட்டவர் வலக்கரைக்காரர் என்றால் தீர்ப்பை முடிவுசெய்வது இடக்கரைக்காரர்கள். பங்காளிக்குப் பங்காளி பரிந்து பேச வழியில்லை.

பல வாரம் பிராதே வராது. சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஊரார் முன் நிற்பதைவிட வரப்பிலேயே பேசித் தீர்ப்பது மேல் என்று நினைக்கிறார்கள் போலும்.

இந்தத் தண்ணீரில் காய்கறி, ஆரஞ்சு விளைகின்றன. நாம் பிடுங்கிச் சலித்த கோரையின் உறவுக்காரக் கிழங்கு ஒன்றையும் பயிராகவே வளர்த்து, அரைத்துப் பால் எடுத்துக் குடிக்கிறார்கள்!

2009-ல் யுனெஸ்கோ இந்த மன்றத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நகரமோ வயல்களை விழுங்கிக்கொண்டே போகிறது. ரொவெல்லா என்ற வாய்க்காலுக்குப் பாய்ச்ச நிலம் கொஞ்சம்தான் மிச்சம். அதற்கும் ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள்.