ஒரே மேசையில் கிடந்த பத்திரிகைகள்

கொழும்பில் இரவு புறப்படும் மெயில் ரயில் காலையில் காங்கேசன்துறைக்கு வந்து சேரும். வீரகேசரியும் தினகரனும் அதில் வரும். 1959இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கிய ஈழநாடு அதற்கு முன்பே சைக்கிளில் வந்துவிடும். தமிழரசுக் கட்சிக்காரர் சுதந்திரன் வாங்கிப் போடுவார்கள். கம்யூனிஸ்டுகளின் தேசாபிமானியை ஒரு மாஸ்டர் தன் செலவில் கொண்டுவந்து வைப்பார். வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர் வாசிகசாலையின் நீண்ட மேசையில் இவை எல்லாம் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன. நான் இழந்தவற்றில் வீடு உண்டு, கிணறு உண்டு, பனங்காணி உண்டு. மனம் அடிக்கடி போய் நிற்பதோ அந்த மேசையடியில்தான்.

ஓட்டுக்கூரை, சீமெந்து நிலம், இரண்டு வாங்கு, பூட்டு உடைந்த ஒரு அலுமாரி. இவ்வளவுதான் கட்டடம். பெயர்ப்பலகையில் சனசமூக நிலையம் என்றிருக்கும், ஊர் வாயில் அது வாசிகசாலை. யாழ்ப்பாணத்தில் குறிச்சிக்குக் குறிச்சி இப்படி ஒன்று இருந்தது. ஆசியாவெங்கும் பேசப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலையில் இருந்து வளர்ந்ததுதான்.

பின்னேரம் தோட்டத்தால் வந்து கால் முகம் கழுவிவிட்டு ஆட்கள் சேர்வார்கள். கண் மங்கிய கிழவர்களுக்குச் சிறுவர்கள் நாங்கள் வாசிக்க வேண்டும். "தம்பி, கொஞ்சம் உரத்து வாசி" என்பார்கள். ஆசிரியத் தலையங்கம் முடியுமுன்பே விவாதம் தொடங்கிவிடும். வாசித்தவனிடமும் அபிப்பிராயம் கேட்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெடியன் சொல்வதையும் ஒரு பதிலாக எடுத்து மறுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

காங்கேசன்துறைத் தொகுதிக்காரருக்கு அரசியல் வீட்டு விஷயம். தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகம் எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை எதிர்த்து அவர் பதவியைத் துறந்தார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் வைத்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். அந்தக் கிழமைகளில் வாசிகசாலை இரவு பத்து மணிக்கும் அடங்கவில்லை. சமஷ்டியா தனிநாடா, இனப்பிரச்சினை முதலா வர்க்கப் பிரச்சினை முதலா என்று தொண்டை வறளப் பேசினார்கள். செல்வநாயகம் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். மறுநாள் பின்னேரம் மாஸ்டர் வழக்கம்போல தேசாபிமானியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். முதல்நாள் அவரோடு மல்லுக்கு நின்றவர்களே வாங்கில் தள்ளியிருந்து இடம் கொடுத்தார்கள். தோற்ற பக்கத்து மனிதர் தலைகுனியாமல் வந்து உட்கார்ந்த அந்தப் பின்னேரத்தைத்தான் நான் ஊர் என்கிறேன்.

ஆனால் அந்த வாங்கில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் ஏக்கம் பொய்யாகிவிடும். 1966 ஒக்டோபரில் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்தில் இருந்து புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். கோயில் எங்களுக்கு எட்டிய தூரத்தில்தான். தேநீர்க்கடையும் கோயிலும் அடைத்த கதவை வாசிகசாலைகள் மட்டும் அகலத் திறந்து வைத்திருக்கவில்லை. அந்த மக்கள் தங்கள் குறிச்சிகளில் தாங்களே வாசிகசாலை அமைத்துக்கொண்டார்கள். சமஷ்டி பற்றி அவ்வளவு பேசிய எங்கள் வாங்கு, இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது. அது அந்த மேசையின் பெருங்குறை.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் கொளுத்தினார்கள். அந்த நெருப்பை வைத்தவர்கள் வெளியில் இருந்து வந்தவர்கள். பிறகு நடந்ததை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. 1986இல் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் இன்னொரு தமிழ் இயக்கத்தைத் தேடிச் சுட்டது. 1989 செப்டம்பரில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜனி திராணகம பல்கலைக்கழகத்தில் இருந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். வாசிகசாலையில் வாசிப்பு நிற்கவில்லை. உரத்து வாசிப்பது நின்றது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாய் திறந்தோம். மாஸ்டர் வருவது குறைந்தது. மேசையில் பத்திரிகைகளும் குறைந்தன.

1990 ஜூனில் ஷெல்லடிக்குள் ஊரைவிட்டு ஓடினோம். எங்கள் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அகதியாக இருந்த இடங்களிலும் பேப்பர் தேடினோம். பத்திரிகைத் தாள் வராத அந்தப் பொருளாதாரத் தடைக்காலத்தில் கொப்பித் தாளில் அச்சான நாளிதழைக் கைமாற்றி வாசித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். செய்திக்கு அவ்வளவு பசி. அதைப் பற்றி வாதாட மட்டும் யாரும் இல்லை.

2015 ஜனவரியில் ரயில் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தது. காணிகளும் துண்டு துண்டாக விடுபட்டு வருகின்றன. இன்னும் விடுபடாதவையும் உண்டு. திரும்பிப் போன ஊர்களில் வெளிநாட்டுக் காசில் கோபுரங்கள் எழுகின்றன, மண்டபங்கள் எழுகின்றன. சில இடங்களில் வாசிகசாலைக்கும் புதுக் கட்டடம் கட்டித் திறந்திருக்கிறார்கள். மார்பிள் பதித்த சுவரில் கொடையாளிகளின் பெயர்கள் இருக்கின்றன.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கத்தாரிடம் நான் கேட்பது இதுதான். கட்டடத்தோடு நிறுத்தாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை, கொழும்புப் பத்திரிகை, உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் பத்திரிகை என எல்லாவற்றுக்கும் வருடச் சந்தா கட்டுங்கள். ஊரின் எல்லாக் குறிச்சிப் பிள்ளைகளும் அங்கே வந்து இருக்க முடிகிறதா என்று கேட்டறிந்து, அதன் பிறகு காசை அனுப்புங்கள்.