வாட்டம் ஒன்று, காரணம் இரண்டு

செடியொன்று வாடி நிற்கக் கண்டவுடன் நீர்ச்செம்பை நாடுவது மனித இயல்பு. இவ்வியல்பு பெரும்பாலான செடிகளைக் காக்கின்றது; பாலைவன றோசாவையோ பலவேளைகளிற் கொன்றுவிடுகின்றது.

பெயரால் றோசாவாயினும் இச்செடி அலரியின் குடும்பத்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களும் அராபியாவின் தென்பகுதியும் இதன் தாயகம். இதனை முதலில் விவரித்த பீட்டர் போர்ஸ்கால், 1761 இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஆய்வுக்குழுவுடன் யேமனுக்குச் சென்று, 1763 இல் அங்கேயே நோயுற்று மாண்டார். அவருடைய குறிப்புகளை, அக்குழுவில் உயிர்தப்பி மீண்ட கார்ஸ்டன் நீபூர் 1775 இல் வெளியிட்டார். பின்னர் அமைந்த 'அடீனியம்' என்னும் சாதிப்பெயர் ஏடன் நகரை நினைவூட்டுவது.

மழைக்காலத்திற் பெற்ற நீரைப் பருத்த அடித்தண்டிற் சேமித்து, வறட்சியில் இலையுதிர்த்துச் சிக்கனமாகச் செலவிடுவது இதன் வாழ்க்கைமுறை. எனவே, வறட்சியைத் தாங்குதல் என்பது நீரை வெறுத்தலன்று, காலமறிந்து கொள்ளுதலேயாம்.

வடமராட்சியில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இச்செடிகளை வளர்த்துவந்தார். வற்றாத ஆறில்லாத அக்குடாநாட்டிற் சுண்ணாம்புக்கல் தாங்கிநிற்கும் மழைநீரே கிணற்று நீர். அளவுகடந்து இறைப்பின் கடல்நீர் உட்புகும். செடியின் அடித்தண்டும் நிலத்தின் சுண்ணாம்புக்கல்லும் ஒரே தொழிலையே செய்கின்றன எனலாம். சோளகம் வீசிய ஓர் ஆடி மாதத்தில் அம்மையாரின் கிணறு உவர்த்தது. குடிநீரை அயலிலிருந்து குடத்திற் கொணர வேண்டியதாயிற்று. பூசைக்குப் பூக்கொடுத்த மல்லிகையை அவ்வாண்டு அவர் கைவிட நேர்ந்தது. சாடிகளில் நின்ற பாலைவன றோசாக்கள் மட்டும் வெயிலிற் சிவந்து மலர்ந்தன.

அயல்வீட்டுச் சிறுமி அவற்றுக்கு இரங்கித் தன் பங்கு நீரைக் கொண்டுவந்தாள். அம்மையார் தடுத்தார்: "பொறு பிள்ளை, முதல்லை மண்ணைத் தொட்டுப் பார். மண் காய்ஞ்சு அடி சுருங்கினால் தாகம். மண் ஈரமாயிருக்க அடி மெத்தென்றால் அழுகல். அதுக்குத் தண்ணி விட்டால் செத்துப் போம்."

இதுவே இச்செடியை வளர்ப்போர் அறியவேண்டிய முதற்பாடம். இல்லாமையும் மிகையும் ஒரே வாட்டமாக வெளிப்படுகின்றன. ஆதலின் இதற்குப் பேரிடர் கோடையன்று, மாரியே. பருமணலை மிகுதியாகக் கலந்து, துளையுள்ள சாடியைச் செங்கல்லின்மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்துக்கு மாற்றுதலும் நன்று. விதையிலிருந்து வளர்ந்ததே அடி நன்கு பருக்கும். கிளையை நட்டுப் பெற்றதில் அப்பருமை எளிதில் அமையாது. கிளையை வெட்டியபின் கைகழுவுதல் இன்றியமையாதது. ஆபிரிக்க வேடர் அம்புமுனையிற் பூசிய நஞ்சுகளுள் இதன் சாறும் ஒன்று.

சிறுமி கொணர்ந்த நீர் வீணாகவில்லை. மண் காய்ந்து அடி சுருங்கியிருந்த ஒரேயொரு சாடிக்கு அரைச்செம்பு வார்க்கப்பட்டது. எஞ்சியது அவள் வீட்டுக் குடத்துக்கே திரும்பிற்று. வாட்டங்கண்டு இரங்குதல் எளிது. எதனால் வாட்டம் என்று தொட்டறிந்தபின் இரங்குவதே பேணுதலாகும்.