பழைய பேழையும் புதிய தட்டுகளும்

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் வன்னி மக்கள் பலர் வீடுகளோடு தம் குடும்பப் படங்களையும் இழந்தனர். புலம்பெயர்ந்த உறவினரிடம் எஞ்சியிருந்தவையே பின்னர் திரும்பி வந்தன. அவற்றைப் படியெடுத்துக் கொடுத்தும் காத்தும் வந்தார் கிளிநொச்சிப் படப்பிடிப்பாளர் ஒருவர்.

அவரது வலையமைப்புச் சேமிப்புப் பேழை பழையது. அதனுள் 2 டெராபைட்டு வன்தட்டுகள் இரண்டு; ஒன்றில் பதிவது மற்றதிலும் பதியும். இடம் நிரம்பவே, அப்பேழை ஏற்கும் 4 டெராபைட்டுத் தட்டுகள் இரண்டை வாங்கினார். முறை எளியது. ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். எஞ்சிய தட்டிலிருந்து யாவும் படியும்வரை பல மணிநேரம் பொறுத்திருக்க வேண்டும். பின்னரே மற்றதை மாற்றலாம். இரண்டும் மாறிய பிறகே இடம் விரியும்.

இடர் அந்தக் காத்திருப்பிலேயே உள்ளது. பல்லாண்டு சுழன்று தேய்ந்த ஒரு தட்டே அப்பொழுது முழுச் சுமையையும் தாங்குகிறது. கழற்றிய தட்டும் அதே வயதினதே. அன்றியும், இரட்டைத் தட்டுகள் ஒரு தட்டின் பழுதைத் தாங்குமேயன்றி, தீயையோ தவறி அழித்தலையோ தாங்கா.

திருகைக் கழற்றத் தொடங்கிய அவர் கையை எடுத்தார். யாவற்றையும் முதலில் ஒரு தனி வன்தட்டிற் படியெடுத்து, வவுனியாவிலுள்ள தமக்கை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாளே பேழையைத் திறந்தார்.

அப்படங்கள் மீண்டமைக்குக் காரணமும் அதுவேயன்றோ? ஒரு படி வேறோரிடத்தில் இருந்தது.