கொஞ்சம் அட்ஜஸ்ட்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.ல ஷேர் ஆட்டோ. பின்சீட்டு ஏற்கெனவே ஃபுல்லு.

"அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்றாரு டிரைவர்.

யாரும் வாயே தொறக்கல. ஒருத்தர் பைய மடியில தூக்கி வெச்சாரு, ஒரு அக்கா தோளைச் சாய்ச்சாங்க. எங்கிருந்தோ ஒரு ஜாண் இடம் வந்துடுச்சு.

(மெட்ராஸ் சென்னையானதுல, எம்.எம்.டி.ஏ.ன்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம் எப்பவோ சி.எம்.டி.ஏ. ஆயிடுச்சு. எங்க ஏரியா பேரு மட்டும் இன்னும் அட்ஜஸ்ட் ஆகல.)

இங்கிலீஷ்காரன் கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணுவான், பெல்ட்டை பண்ணுவான். நமக்கு எதைன்னே சொல்ல வேணாம். சும்மா அட்ஜஸ்ட்.

'பண்ணு'வை ஒட்டினா எந்த இங்கிலீஷ் வினையும் இங்க குடியேறிடும். ஆனா இது மட்டும் பெரும்பாலும் 'பண்ணிக்கோ'ன்னுதான் வரும். அந்த 'க்கோ'லதான் விஷயமே இருக்கு. பண்றதும் நீ, படுறதும் நீ.

லத்தீன்ல 'அட்ஜஸ்ட்'டோட வேர் 'யுக்ஸ்டா'. பக்கத்துலன்னு அர்த்தம். அப்போ அகராதியை விட ஆட்டோக்காரர்தான் மூலத்துக்குக் கிட்ட நிக்கிறாரு!

விலாவுல பக்கத்து ஆளு முழங்கை. எனக்கு லத்தீன் ஆராய்ச்சி.

சில்லறை இல்லையா, அட்ஜஸ்ட். தண்ணி லாரி வரலையா, அட்ஜஸ்ட். ராத்திரி கெமிக்கல் நாத்தமா, ஜன்னலைச் சாத்திட்டு அட்ஜஸ்ட். இதெல்லாம் கூட சரி.

கல்யாணமாகிப் போற பொண்ணுகிட்ட, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்றாங்களே, அப்ப அந்த 'கொஞ்சம்' எவ்ளோன்னு யாராவது சொல்றாங்களா?

மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்க கேட்டிருக்கீங்களா?